அம்மாவின் முகத்துக்கு ஐந்து சாமான்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
03.06.2025, செவ்வாய்

அன்பு மகள் பிறின்சிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும், எங்களுக்கு மருமகனாக வரப்போகிற நிருஷனும் பாரிசில் நோய்நொடி இல்லாமல் இருக்க மடுமாதா கண் பார்க்கட்டும்.

நான் கடதாசியில் எழுதி எத்தனையோ வருடம். எழுத்துக் கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் ஒன்று, அது எப்போதும் அம்மாவின் பக்கத்தில். நான் வேலிக்கு அங்கால் நின்று மெதுவாகக் கதைத்தாலும் அம்மாவுக்குக் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. லீவில் வந்து நிற்கிற எதிர்வீட்டு அனிஸ்ரன் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் பாரிசுக்கு வருகிறான். அதற்குள் எழுதி அவன் கையில் கொடுத்துவிடுவேன். அம்மா மத்தியானம் கருவாடு பிரட்டிப் போடப் போகிற நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். ஒரே இருப்பில் முடியாது.

விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ஆவணியில், மடுத் திருவிழா முடிந்த கையோடு, எங்கள் கோயிலில் உனக்குக் கலியாணம். பங்குச் சுவாமியிடம் நாள் சொல்லியாகிவிட்டது. மண்டபம் சரி, சமையல்காரர் சரி. சரியில்லாதது ஒன்றுதான். அம்மா அன்றைக்குக் கோயிலுக்கு வரமாட்டாராம். "நீங்கள் கூட்டிக்கொண்டு போய் ஒப்புக்குடுங்கோ, நான் குசினியில அடுப்படியோட நிக்கிறன்" என்கிறார். வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது பெண்ணின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது தாய்தானே. அதையும் செட்டிகுளத்தில் இருக்கிற என் தங்கச்சியிடம் கேட்கட்டாம். பகிடிக்குச் சொல்கிறார் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். முப்பது வருடமாக இந்த மனிசியோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். இது பகிடி இல்லை.

எல்லாம் நீ அனுப்பிய சாமானில் தொடங்கியது. சாமானில் ஒரு குறையும் இல்லை, அதைப் பிறகு ஆறுதலாகச் சொல்கிறேன். அது வந்து சேர்ந்த விதம்தான் பிழைத்துப்போனது. அனிஸ்ரன் வந்த அன்றைக்கு அவனுடைய இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியது. மற்றது எங்கெல்லாமோ ஊர் சுற்றிவிட்டு ஒரு கிழமை கழித்துத்தான் வந்தது. முதல் வந்த பெட்டியில் உன்னுடைய சாமான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தத் தண்ணீர்ப் போத்தல். தெளிந்த தண்ணீர், நிறமில்லை, மணமில்லை, சுற்றிவர பிரெஞ்சு எழுத்து. நீயே சொல்லு, பிள்ளை. பிரான்சில் இருக்கிற ஒரு மகள் இவ்வளவு கடல் தாண்டித் தாய்க்குத் தண்ணீர் அனுப்பினால் அது என்ன தண்ணீராக இருக்கும்? இந்தக் கரையில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். லூர்து மாதா கோயில் ஊற்றில் எடுக்கிற, நோய் மாற்றுகிற தண்ணீர்.

அம்மா அந்தப் போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக் கொஞ்சினார். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், மெழுகுதிரிக்கு முன்னால் வைத்தார். அன்று பின்னேரமே போனில் உன்னிடம் "தண்ணி கிடைச்சது பிள்ளை, பெரிய உபகாரம்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. நீயும் "காலமையும் பின்னேரமும் மறக்காமல் பாவியுங்கோ அம்மா" என்று சொன்னாயாம். பிறகென்ன. காலையும் மாலையும் செபமாலை முடிந்தவுடன் என் நெற்றியில் ஒரு சிலுவை, வலிக்கிற முழங்காலில் ஒரு சிலுவை, வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் ஒரு சொட்டு. பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரி சைவம். அவரும் வந்து இடுப்பில் தடவுவித்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் எங்கள் வலையில் பாரை மீன் நல்லாய்ப் பட்டது. என் முழங்காலும் கொஞ்சம் இளகினது போலத்தான் இருந்தது. இதை நீ வேலை செய்கிற மருந்துக்கடையில் சொல்லிவிடாதே. நானும் சுவாமியிடம் சொல்லவில்லை.

அந்த ஒரு கிழமை அம்மா இருந்த சந்தோசத்தை நீ கண்ணால் பார்த்திருக்க வேண்டும். வழியில் போனவர்களை எல்லாம் மறித்து, "என்ர பிள்ளை எனக்கெண்டு லூர்துத் தண்ணி அனுப்பியிருக்கிறாள்" என்று சொன்னார். நீ என்னோடு பத்து நிமிடம் கதைத்தால் அம்மாவோடு ஒரு நிமிடம் கதைப்பவள். சாப்பிட்டியோ, ஓம், குளிரோ, ஓம், அப்பாட்டைக் குடுக்கிறன். வருடக்கணக்காக உங்கள் கதை அவ்வளவுதான். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் ஏன் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தக் கிழமை மட்டும் அம்மா போனை என்னிடம் தரவே இல்லை.

பிறகு இரண்டாம் பெட்டி வந்தது. மிச்ச நாலு சாமானும், பஞ்சுப் பைக்கற்றும், அதற்குள் நீ எழுதி மடித்து வைத்த துண்டுக் கடதாசியும். அம்மாவுக்குக் கண்ணாடி கிட்ட இருக்கவில்லை. நான்தான் மடையன், உரத்து வாசித்தேன். "அம்மாவின் முகத்துக்கு. ஒன்று, தண்ணீர் போல இருக்கிற போத்தல். பஞ்சில் நனைத்து முகத்தைத் துடைக்கவும்." அதற்கு மேல் வாசிக்க என்னை விடவில்லை. சுரூபத்தடியில் இருந்த போத்தலை எடுத்து வந்து, "இது முகம் துடைக்கிறதுக்கோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். "கலியாணத்துக்கு வெளிநாட்டு ஆக்கள் வருகினம் எண்டு என்ர முகத்தைச் சரிக்கட்டப் பாக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஐந்து சாமானையும் ஒரு பையில் போட்டு அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். அம்மாவின் இரண்டு கன்னத்திலும் கறுத்துப் படர்ந்திருக்கிற படை உனக்குத் தெரியும். வெயிலில் நின்று கருவாடு காயப்போட்டுக் காயப்போட்டு வந்தது. எனக்கு அது படையாகவே தெரிவதில்லை. ஆனால் அம்மாவுக்கு அது ஒரு நாளும் மறந்ததில்லை போலிருக்கிறது. அன்று இரவுச் சாப்பாட்டோடுதான் அந்தக் குசினிக் கதை தொடங்கியது.

அம்மா வருகிற சத்தம் கேட்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

04.06.2025, புதன்

நேற்று விட்ட இடத்தில் இருந்து எழுதுகிறேன். எனக்கு உங்கள் இரண்டு பேரிலும் கோபம். உன்னில், தண்ணீரைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை விளக்கமாகச் சொல்லவில்லை என்று. அம்மாவில், பிள்ளை உழைத்து வாங்கிய சாமானைக் கறையானுக்கு வைத்துவிட்டார் என்று. அப்படி இதில் என்ன குற்றம் இருக்கிறது என்று பார்க்கத்தான், அம்மா மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போன ஒரு பின்னேரம் அந்தப் பையை எடுத்தேன். மற்றபடி இந்த வயதில் எனக்கு அழகுக் கிறுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

உன் துண்டை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னபடியே செய்தேன். முதலில் பஞ்சில் அந்தத் தண்ணீரை நனைத்து முகத்தைத் துடைத்தேன். கடலால் வந்து, சவர்க்காரம் போட்டுக் குளித்து, தலை சீவிய முகம் அது. பஞ்சைப் பார்த்தால் மண்ணிறம். இன்னொரு பஞ்சு எடுத்தேன், அதுவும் மண்ணிறம். நாலாவது பஞ்சுதான் வெள்ளையாக வந்தது. உன் அப்பா ஐம்பத்தெட்டு வருடமாக ஊத்தை முகத்தோடு பெரிய மனிசன் மாதிரித் திரிந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாவது அந்தத் தகரக் குழாயில் இருக்கிற கிறீம். கடலையளவு என்று எழுதியிருந்தாய். கடலையளவில் என்ன வரும் என்று நினைத்து உள்ளங்கை நிறையப் பிதுக்கிவிட்டேன். முகம் பொரித்த மீன் மாதிரி மினுங்கியது. அம்மா வருவதற்கிடையில் உடுத்திருந்த சாரத்தால் துடைத்துத் துடைத்துப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த நாள் சொன்னபடி கடலையளவு எடுத்தேன். பிள்ளை, சும்மா சொல்லவில்லை, அது போன இடம் தெரியவில்லை. பிசுபிசுப்பு இல்லை, சென்ற் மணம் இல்லை, பூசிய மாதிரியே இல்லை. மறுநாள் காலையில் முகத்தைத் தடவிப் பார்த்தேன், வேறு யாருடைய முகத்தையோ தடவினது போல இருந்தது. கயிறு இழுத்து வெடித்த விரல் மொளிகளிலும் கொஞ்சம் பூசினேன். அங்கே என்ன மருந்து போட்டுச் செய்கிறார்களோ தெரியாது, நாலு நாளில் வெடிப்பு மூடிவிட்டது.

மூன்றாவது வெயிலுக்குப் பூசுவது. இதைத்தான் நான் மெத்தப் புகழுவேன். வைகாசி முடிய என் மூக்கு உரியத் தொடங்கும், உனக்குத் தெரியும்தானே. சின்ன வயதில் அந்தத் தோலைப் பிய்க்க நீ எனக்குப் பின்னால் திரிவாய். இந்த முறை இரண்டு கிழமையாகக் கடலுக்குப் போகமுன் பூசிக்கொண்டு போகிறேன். மூக்கு மூக்காகவே இருக்கிறது. என்னோடு வள்ளத்தில் வருகிற திலீபன் ஒரு நாள் வலையைப் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு இருந்தான். "என்னண்ணை, வரவர வடிவாகிக்கொண்டு வாறியள், ஆரும் உங்களைப் பொம்பிளை பாக்க வருகினமோ" என்று கேட்டான். பேசாமல் வலையைப் பாரடா என்று அதட்டினேன். உள்ளுக்குள் சந்தோசம்தான்.

நாலும் ஐந்தும் பெண்களுக்கு உரியது, அதை நான் தொடவில்லை. பொய் எழுதக்கூடாது, ஐந்தாவதாக வைத்த அந்தச் சின்னச் சிமிழைத் திறந்து ஒரு கன்னத்தில் சாடையாக வைத்துப் பார்த்தேன். கன்னத்துக்கும் அதுதான், உதட்டுக்கும் அதுதான் என்று எழுதியிருந்தாய். சாயம் பூசினது மாதிரி நிற்கும் என்று நினைத்தேன். வெயிலால் நடந்து வந்தவன் மாதிரித்தான் இருந்தது. அந்த மட்டோடு மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் முகத்துக்குப் பூசுகிற விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். தை மாதம் உடையார்கட்டில், என்னிடம் மீன் எடுக்கிற சின்னராசாவின் மகள் லக்சிகாவுக்குக் கலியாணம். அந்தப் பிள்ளையைச் சின்னனில் இருந்து தெரியும், நல்ல கறுப்பழகி. மணவறையில் இருந்தது வேறு யாரோ. முகம் சுண்ணாம்பு வெள்ளை, கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். பிழையான கலியாண வீட்டுக்குள் வந்துவிட்டேனோ என்று வாசலில் கட்டியிருந்த பெயரைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பூசினவரும் பாவம், இரண்டு மணித்தியாலம் நின்று பூசியிருக்கிறார்.

வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவனுக்கு இது விளங்கும். பழையதைச் சுரண்டித் துடைத்துவிட்டு மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசினால் நிற்கும். ஊத்தைக்கு மேலே தடிப்பாக அப்பினால் ஒரு மாரியோடு பொருக்குப் பொருக்காகக் கழன்றுவிடும். உன்னுடைய பிரெஞ்சுக்காரர் முன்னாளில் கடற்றொழில் செய்திருக்க வேண்டும். ஐந்தே ஐந்து சாமான். அதில் மூன்று துடைக்கவும் காக்கவும், இரண்டு மட்டும் அழகுக்கு. இந்தக் கணக்கு எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. நீ இந்த மருந்துக்கடை வேலைக்குப் போகிறாய் என்றபோது, ‘படிச்ச பிள்ளை கிறீம் விக்கப் போறாளோ’ என்று நானும் முணுமுணுத்தவன்தான். அதை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதுகிறேன், ஆனால் முக்கியமான ஆள் இன்னும் அந்தப் பையைத் தொடவில்லை. அதை நினைத்தால்தான் மனம் சோர்கிறது.

07.06.2025, சனி

வியாழக்கிழமை அம்மா என்னைப் பிடித்துவிட்டார். மத்தியானம் சோறு போட்டுவிட்டு எனக்கு நேரே இருந்து, "உங்கட மூக்கு ஏன் இந்தமுறை உரியேல்ல?" என்று கேட்டார். நான் மீன் முள்ளை எடுப்பதுபோலச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா எழும்பிப் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்தக் குழாய், பாதிக்கு மேல் நசுங்கிப்போய். "என்ர பிள்ளை எனக்கு அனுப்பினதை ஆரைக் கேட்டுப் பூசினனீங்கள்?" என்றார். எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. ஆனால் அந்த ஏச்சை நான் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டு இருந்தேன், ஏனென்றால் இரண்டு கிழமையாக வேண்டாத சாமான் அந்த நிமிடமே அம்மாவின் சொத்தாகிவிட்டது.

நேற்று மாத முதல் வெள்ளி. ஐந்து மணிக்குப் பூசை. மூன்று மணிபோல் அம்மா முகம் கழுவிவிட்டு, யன்னலடியில் கதிரையைப் போட்டு, என்னுடைய சவரக் கண்ணாடியை நிறுத்திவைத்து, "அந்தத் துண்டை ஒருக்கால் வாசியுங்கோ" என்றார். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். அம்மா ஒவ்வொன்றாகச் செய்தார். பஞ்சால் துடைத்தார், கிறீமைப் பூசினார், வெயிலுக்கு உரியதைப் பூசினார். என்னைப் போல அள்ளி அப்பவில்லை. நாலாவது, அந்த நிறம் கலந்த கிறீம். "விரலால் பூசுங்கோ, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தாய்.

பூசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். காணாது என்று திரும்பவும் கொஞ்சம் எடுத்துப் பூசினார். திரும்பவும் பார்த்தார். கன்னத்தில் இருந்த படை அப்படியே தெரிந்தது. முகம் தெளிந்திருந்தது, ஒரு களை வந்திருந்தது, ஆனால் படை படையாகவே இருந்தது. "இது மறைக்கேல்லையே" என்றார். "மறைக்கும் எண்டு எங்கையும் எழுதியிருக்கிறாளோ, வடிவாப் பாருங்கோ" என்றார். துண்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு சொல் இல்லை. "அவள் வேலை செய்யிற கடையில மறைக்கிற சாமான் இல்லாமலோ இருக்கும், புனிதம்? அதை அனுப்பாமல் இதை ஏன் அனுப்பினவள்?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணாடியைச் சாய்த்துக் கன்னத்தைப் பார்த்தார். பிறகு, திரும்பாமலே, உன்னுடைய பரிசளிப்பு நாளைப் பற்றிச் சொன்னார்.

எனக்கு இது தெரியாது, பிள்ளை. பன்னிரண்டு வருடமாக அம்மா என்னிடம் இதை ஒரு சொல் சொல்லவில்லை. உனக்கு அப்போது பதினைந்து வயது. நான் கடலுக்குப் போய்விட்டேன். அம்மா காலையிலேயே கருவாட்டு வேலையை முடித்து, நல்ல சீலை உடுத்து, படை தெரியக்கூடாது என்று பவுடரைத் தடிப்பாகப் பூசிக்கொண்டு உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தாராம். பஸ்ஸில் வேர்த்து, பவுடர் கோடு கோடாக வழிந்துவிட்டதாம். நீ சிநேகிதிகளை விட்டுவிட்டுக் கேற்றடிக்கு ஓடிவந்து, "அம்மா, முகத்தைப் பாருங்கோ. எல்லாரும் பாக்கினம். வீட்டை போங்கோ" என்று சொன்னாயாம். அம்மா கேற்றோடு திரும்பி வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அம்மா பவுடர் பூசி நான் காணவில்லை. வயது போகப் போகப் பக்தி கூடுகிறது என்று நான் விசர்த்தனமாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதைக் கேட்டபோது எனக்கு உன்னில் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். அம்மா உனக்காகத்தானே பூசிக்கொண்டு வந்தவர் என்று நினைத்தேன். பிறகு கொஞ்சம் ஆற, உன்னையும் நினைத்தேன். பதினைந்து வயதில் வாயில் வந்தது அது. அதை நீயும் மறக்கவில்லை என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அம்மாவோடு உன்னுடைய அந்த ஒரு நிமிடக் கதையும், ஆயிரம் சாமான் இருக்கிற கடையில் தேடித் தேடி மறைக்காத சாமானாகவே எடுத்ததும் எனக்கு விளங்குகிறது. ஆனால் இது நானாக நினைப்பது. நீ சொல்லவில்லை.

அம்மா ஐந்தாவதையும் பூசினார். கன்னத்தில் இரண்டு தொடுகை, உதட்டில் ஒன்று. சீலையை மாற்றிக்கொண்டு, துடைக்காமல், அப்படியே பூசைக்கு வந்தார். வேலியடியில் நின்ற சிவனேஸ்வரி, "புனிதம், நேற்று நல்ல நித்திரை போல கிடக்கு" என்றார். கோயில் வாசலில் இன்னொருவர், "காய்ச்சல் விட்டிட்டுதோ, முகம் தெளிஞ்சிருக்கு" என்று கேட்டார். அம்மாவுக்குக் காய்ச்சலே வரவில்லை. ஏதோ நல்லதாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது, என்னவென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. உன்னுடைய சாமானின் கெட்டித்தனம் அதுதான். அம்மாவின் முகம் அம்மாவின் முகமாகவே இருந்தது, ஆறி எழும்பியது போல இருந்தது. பூசை முழுக்க நான் பீடத்தைப் பார்த்த நேரம் குறைவு. எங்கள் கலியாணப் படம் சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து ஓடியதில் எங்கேயோ போய்விட்டது. அம்மா அந்த நாளில் எப்படி இருந்தார் என்பது இப்போது என் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. உன் கலியாணப் படத்திலாவது அம்மா நிற்கவேண்டும், பிள்ளை. குசினியில் அல்ல, உனக்குப் பக்கத்தில், இந்த முகத்தோடு.

பூசை முடிந்து வரும்போது கேட்டேன், இனியாவது கலியாணத்துக்குக் கோயிலுக்கு வருவீரோ என்று. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு, "அண்டைக்குப் போகச் சொன்னவள் அவள். வரச் சொல்லுறதும் அவளாத்தான் இருக்கோணும்" என்றார். அதற்குப் பிறகு நெத்தலி விலையைப் பற்றித்தான் கதைத்தார்.

ஆகவே இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன், மகள். நீ அனுப்பிய கிறீம் நல்ல கிறீம். ஆனால் அதற்கு வாய் இல்லை. நீ சொல்லவேண்டியதை அது எப்படிச் சொல்லும்? என்னிடம் சொல்லி அனுப்பாதே, நான் தரகு வேலை பார்க்கமாட்டேன். அனிஸ்ரனிடமும் சொல்லிவிடாதே. அம்மாவுக்குப் போன் எடு. சாப்பிட்டியோ, குளிரோ எல்லாம் முடிந்த பிறகு போனை என்னிடம் கொடுக்க விடாதே. அந்த நாளைப் பற்றிக் கதை. அழுகை வந்தால் அழு. "அம்மா, நீங்கள் வாங்கோ" என்ற சொல் உன் வாயால் வந்தால் போதும், அம்மா கோயிலுக்கு எனக்கு முன்னாலே போய் நிற்பார். எனக்குத் தெரியும்.

நீயும் நிருஷனும் சேர்ந்து வாழப்போகிற வீட்டில் சமாதானம் இருக்கட்டும். நீங்கள் கைவைக்கிற காரியம் எல்லாம் கரை சேரட்டும். ஆவணியில் உன் நெற்றிக்குச் சிலுவை போடவேண்டிய கை எதுவோ, அந்தக் கையே போட ஆண்டவர் இரங்கவேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னில் பட்சம் மாறாத அப்பா,
தோமஸ்.

பிறின்சி,

அப்பா இதை அரிசி வாளிக்குள் வைத்தால் நான் காணமாட்டேன் என்று நினைத்திருக்கிறார். இந்த வீட்டில் சோறு காய்ச்சுவது யார் என்று அவருக்கு மறந்துவிட்டது. முழுவதும் வாசித்தேன். இதையும் அடியில் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறேன்.

ஒன்று பிழையாக எழுதியிருக்கிறார். நான் அவருக்குச் சொன்னதே அரைகுறைதான். அன்றைக்கு நான் கேற்றோடு திரும்பி வரவில்லை. றோட்டுக் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு, பின்பக்கத்தால் வந்து, மண்டபத்து யன்னலடியில் நின்றேன். மூன்றாவதாக உன் பெயரைக் கூப்பிட்டார்கள். உன்னுடைய வலது சப்பாத்தின் நாடா அவிழ்ந்து இழுபட்டுக்கொண்டு இருந்தது. மேடைப் படியில் தடக்கி விழப்போகிறாய் என்று உன் காலையே பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. நீ பரிசுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, விழாமல் இறங்கி, உன் கதிரையில் இருந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா